வினைச்சொல் வருவதற்குள்

மின்விளையாட்டுப் போட்டிக்கு வர்ணனை சொல்பவரை ஆட்டக்காரர்கள் 'கேஸ்டர்' என்கிறார்கள். முழுச் சொல் 'ஷவுட்கேஸ்டர்'. தொண்டை கிழியக் கத்துவதால் வந்த பெயர் என்று நினைக்கத் தோன்றும். ஒரு நேரலையைக் கேட்டவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அது ஒரு மென்பொருளின் பெயரிலிருந்து வந்தது. 1990களின் இறுதியில் நல்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஷவுட்காஸ்ட்', வீட்டுக் கணினியிலிருந்தே இணையத்தில் வானொலி நடத்த வழிசெய்தது. அன்றைய இணைப்புகளில் படம் போகாது, குரல் போகும். ஒருவர் தன் திரையில் குவேக் ஆட்டத்தையோ கவுன்டர்-ஸ்டிரைக் ஆட்டத்தையோ பார்த்துக்கொண்டே பேசுவார்; மற்ற ஊர்களில் இருப்பவர்கள் காதால் 'பார்ப்பார்கள்'. பேசியவருக்குக் கூலி கிடையாது, கேட்டவருக்குக் கட்டணமும் கிடையாது. தென்கொரியா மட்டும் வேறு வழியில் போனது. அங்கே 1999இலேயே ஸ்டார்கிராஃப்ட் ஆட்டம் தொலைக்காட்சிக்கு வந்தது. 2000இல் மின்விளையாட்டுக்கென்று தனி அலைவரிசையே தொடங்கி, வர்ணனையாளர்கள் சம்பளக்காரர்கள் ஆனார்கள். மற்ற நாடுகளில் இந்தக் கலை தன்னார்வலர்களின் வீட்டு அறைகளில்தான் வளர்ந்தது. இன்றும் பாதிக்குமேல் அங்கேதான் இருக்கிறது என்று சொன்னால் பெரிய தவறாகாது.

அந்த அறை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் கேத்திப் பள்ளத்தாக்கில் இருக்கலாம். கீழே கேரட்டும் பீட்ரூட்டும் விளையும் படித்தளங்கள், மேலே தேயிலை, நடுவில் மலை ரயிலின் சின்ன நிலையம். 1908இல் உதகை வரை நீண்ட அந்த ரயில்பாதை வழியாகத்தான் வெளியுலகம் ஒரு காலத்தில் கேத்திக்குள் வந்தது. இப்போது பாங்காக்கிலோ ரியாத்திலோ நடக்கும் போட்டியின் படம் செல்பேசிக் கோபுரம் வழியே வருகிறது. அதன்மேல் தமிழ்க் குரல் ஏறித் திரும்பிப் போகிறது.

ஒரு நேரலைக்குப் பொதுவாக இரண்டு குரல்கள். நடப்பதை நடக்கும்போதே சொல்வது முதல் குரலின் வேலை. சற்று மூச்சுவிட இடம் கிடைக்கும்போது, ஏன் அப்படி நடந்தது என்று சொல்வது இரண்டாவதன் வேலை. ஆங்கிலத்தில் இவற்றுக்குக் கறாரான எல்லைகள் உண்டு. தமிழில் இருவர் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் அது வில்லுப்பாட்டாகிவிடுகிறது: ஒருவர் கதையை இழுத்துக்கொண்டு போக, மற்றவர் 'ஆமா' போட்டுத் தூக்கிவிடுகிறார். இதைக் குறை என்று கருதும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்கள் அப்படிக் கருதுவதாகத் தெரியவில்லை.

மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, குரல் இல்லாதவர். 'அப்சர்வர்' எனப்படும் அவர்தான் ஆட்டத்துக்குள் கேமராவை நகர்த்துகிறார். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு மிகவும் பழக்கமான பிஜிஎம்ஐ ஆட்டத்தை எடுத்துக்கொண்டால் அவர் ஏன் தேவை என்பது புரியும். போட்டியில் 16 அணிகள், அணிக்கு 4 பேர், ஆக 64 பேர். எரங்கல் என்ற நிலப்பரப்பு எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். விமானத்திலிருந்து குதித்து, கிடைத்த துப்பாக்கியைப் பொறுக்கி, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் அரைமணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து ஒன்று. பந்து இருக்கும் இடத்தில் ஆட்டம் இருக்கிறது. இங்கே மூன்று மூலைகளில் மூன்று சண்டைகள் ஒரே நொடியில் நடக்கும், கேமரா ஒன்றைத்தான் காட்டும். மற்ற இரண்டும் திரையின் ஓரத்தில் யார் யாரை வீழ்த்தினார் என்ற பொடி எழுத்து வரிகளாக ஓடும். கேஸ்டர் ஒரு கண்ணால் சண்டையையும் மறு கண்ணால் அந்த வரிகளையும் பார்க்கிறார்.

மதிப்பெண் கணக்கும் வர்ணனையைச் சிக்கலாக்குகிறது. ஆட்டத்தின் கடைசி வரை நின்ற அணிக்கு 10, அடுத்ததற்கு 6, பிறகு 5, 4, 3, 2. ஏழாவது, எட்டாவது இடங்களுக்கு ஒவ்வொன்று. ஒருவரை வீழ்த்தினால் அதற்கொரு மதிப்பெண். எனவே ஒரு வீட்டின் குளியலறைக்குள் நான்கு பேர் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் விளையாடுவதுதான். வெளியே இன்னும் இரண்டு அணி அழிந்தால் அவர்கள் இரண்டு இடம் மேலே ஏறுவார்கள். தெரியாதவர் கண்ணுக்கு அங்கே ஓடு பதித்த சுவரும் நான்கு முதுகுகளும் மட்டுமே. அந்தச் சும்மா இருத்தலுக்குள் ஓடும் கணக்கைச் சொல்லிக் கேட்பவரின் நெஞ்சைப் பிடிக்க வைப்பது, துப்பாக்கிச் சண்டையைச் சொல்வதைவிடக் கடினம். நல்ல கேஸ்டரை இந்த இடத்தில்தான் கண்டுகொள்ளலாம்.

இனித் தமிழின் தனிப் பிரச்சினை. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். 'பாறைக்குப் பின்னாலிருந்து எழுந்த ஆட்டக்காரர், சரிவில் ஓடிவந்த எதிரணியினர் இருவரையும் அடுத்தடுத்து வீழ்த்திவிட்டார்' என்பது இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம். ஆனால் 'வீழ்த்திவிட்டார்' வாயிலிருந்து வருவதற்குள், வீழ்த்தியவரை வேறொருவர் வீழ்த்தியிருப்பார். செய்தித்தாளுக்கும் மேடைக்கும் ஏற்ற இந்தக் கட்டுமானம், நொடிக் கணக்கில் நடக்கும் ஆட்டத்துக்கு ஒத்துவருவதில்லை. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். குரல்வளம் போதாதென்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அவர்களைக் கவிழ்ப்பது தொடரியல்.

பழகியவர்கள் பேச்சுத் தமிழிலேயே மூன்று வழிகளைக் கண்டிருக்கிறார்கள். முதலாவது, வினையைத் தூக்கி முன்னே போடுவது: 'விழுந்துட்டான்! பாறைக்குப் பின்னாடி இருந்தவன்!' எழுத்தில் இது தலைகீழாகத் தெரியும். தெருவில் எல்லோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். இரண்டாவது, வினையையே விட்டுவிடுவது: 'நாலு பேரும் ரஷ்! லெஃப்ட்ல ஸ்மோக்! ஒருத்தன் நாக்!' ரஷ், நாக், ரிவைவ், கிளட்ச், சோன் என்று ஆங்கிலச் சொற்கள் இந்த வர்ணனையில் கொட்டிக் கிடப்பதற்கு மோகம் மட்டும் காரணமில்லை. காலமும் பாலும் விகுதியும் ஒட்டாத மொட்டைச் சொல்லாக அவை தனியே நிற்கின்றன. 'பண்றாங்க' என்ற வாலைச் சேர்க்க நேரமிருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

மூன்றாவது வழிதான் அழகானது. 'சுட்டாச்சு', 'உள்ள போயாச்சு', 'முடிச்சாச்சு'. இந்த 'ஆச்சு'வுக்குள் செயல் முடிந்துவிட்டது என்ற உறுதி இருக்கிறது, செய்தவர் அவனா அவரா அவர்களா என்ற கேள்வி இல்லை. தமிழ் வர்ணனையில் மரியாதை விகுதி பெரிய தலைவலி. கிரிக்கெட் வீரரை 'அடித்தார்' என்று சொல்லிப் பழகிவிட்டது. பதினெட்டு வயதுப் பையனை, அவனே சூட்டிக்கொண்ட விநோதமான புனைபெயரால் அழைத்துவிட்டு 'சுட்டார்' என்றால் கேட்பவர் சிரிக்கிறார். 'சுட்டான்' என்றால் அவன் அணியின் ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பெண் ஆட்டக்காரர் என்றால் தயக்கம் இன்னும் கூடுகிறது. 'சுட்டாச்சு' யாரையும் உயர்த்தாது, தாழ்த்தாது. இதை யாரும் பாடமாகச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. அவசரத்தில் மொழி தானே எடுத்துக் கொடுத்த கருவி.

இந்தக் கலைக்குத் தமிழில் முன்னோர் இல்லாமல் இல்லை. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் தைப்பொங்கலை ஒட்டி வாடிவாசலுக்கு மேலே மைக் பிடித்து உட்காருபவர் விழாக் குழுவின் ஆள். இன்ன ஊர், இன்னார் மாடு, பிடித்தால் அண்டா, கட்டில், தங்கக் காசு என்று மாடு வெளியே வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுவார்; வந்தபின் அவருக்கு மிஞ்சுவது சில நொடிகள். அதற்குள் சொல்ல வேண்டிய தீர்ப்பு ஒன்றுதான்: மாடு பிடிபட்டதா, இல்லையா. எழுவாயை முன்கூட்டியே செலவழித்துவிட்டு வினைக்காகக் காத்திருக்கும் அந்த உத்தி, தமிழ்த் தொடரமைப்புக்கு அப்படியே பொருந்துகிறது. வானொலியின் வழி வேறு. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் கிரிக்கெட்டைத் தமிழில் சொன்னபோது, கேட்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே மைதானம், மேகம், தடுப்பாளர் நிற்கும் இடம் எல்லாவற்றையும் குரலே வரைய வேண்டியிருந்தது. பந்துக்கும் பந்துக்கும் நடுவே அதற்கு அவகாசமும் இருந்தது. 2017இல் தொடங்கிய ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசையில் படம் இருக்கிறது, எனவே அங்கே வர்ணனை நண்பர்களின் அரட்டையை நோக்கிச் சாய்ந்தது. மின்விளையாட்டுக் கேஸ்டருக்கு இந்த மூன்றும் தேவைப்படுகின்றன: வாடிவாசலின் அவசரம், வானொலியின் விளக்கம், தொலைக்காட்சியின் அரட்டை. ஒரே அரைமணி நேரத்துக்குள், அதே வரிசையில் அல்லாமல்.

கேத்தியிலிருந்து பேசுபவருக்கு இன்னொரு மொழிக் கணக்கும் உண்டு. சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களில் வீட்டு மொழி படுகு. சந்தையில் தமிழ். பள்ளியில் பெரும்பாலும் ஆங்கிலம். தேயிலைத் தோட்டங்களில், 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழுக்கு மலையகச் சாயல். படுகிலும் வினை கடைசியில்தான் வரும் என்பதால் வீட்டு மொழிக்குத் தாவினாலும் தொடரியல் சிக்கல் தீராது. ஆனால் இரண்டு மூன்று மொழிகளுக்குள் தினமும் ஏறி இறங்கும் பழக்கம், நேரலையில் ஆங்கில அட்டவணையைப் பார்த்துத் தமிழில் வாசிப்பதை எளிதாக்குகிறது. மதுரை வழக்கும் கோவை வழக்கும் திரையுலகம் வழியாக எல்லோர் காதிலும் ஏறியவை. நீலகிரித் தமிழுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. 'எந்த ஊர் ப்ரோ நீங்க?' என்று அரட்டைப் பெட்டியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி அந்த அடையாளமின்மையின் விளைவு. ஓர் ஊருக்கும் சொந்தமில்லாத குரல் எல்லா ஊருக்கும் வசதி என்பதும் உண்மை.

குரல் போய்ச் சேர வேண்டுமே. மலையில் அதற்குப் பெரிய எதிரி மழை. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்தப் பெருமழையின் நிலச்சரிவுகளில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த அளவு தேவையில்லை. வடகிழக்குப் பருவத்தின் சாதாரண இரவு மழை தகரக் கூரையில் விழுந்தாலே மைக்கில் ஓயாத இரைச்சல் ஏறும். இரைச்சலை வடிகட்ட நேரலை மென்பொருளில் ஒரு வசதி உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அது அடைத்துவிடும். மழைக்காக அந்த அளவை உயர்த்தினால் பேச்சின் மெலிந்த நுனிகளும் சேர்ந்து அறுபடும். தமிழில் மெலிந்து ஒலிப்பது சொல்லின் கடைசி. காலமும் எதிர்மறையும் உட்காருவதும் அங்கேதான். 'பிடிக்கலை' என்பதன் வால் அறுந்தால் கேட்பவர் காதில் 'பிடிக்க' என்று விழுகிறது. இதற்குக் கண்ட மருந்து எளிமையானது: கம்பளியைச் சுவரிலும் கூரைக்குக் கீழும் கட்டி, மைக்கை வாய்க்கு நாலு விரற்கடைக்குள் வைத்துக்கொள்வது. குளிருக்கும் கம்பளி வேண்டும் என்பதால் சில இரவுகளில் மைக்கா, ஆளா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

பன்னாட்டுப் போட்டி என்றால் வேறு சில ஏற்பாடுகள் சேர்கின்றன. நடத்துபவர்கள் வர்ணனை ஏறாத வெறும் படத்தைத் தனியாக அனுப்புவார்கள்; ஒவ்வொரு மொழிக் குழுவும் அதன்மேல் தன் குரலை ஏற்றிக்கொள்ளும். அந்தப் படம் வேண்டுமென்றே தாமதமாகத்தான் வரும். உடனுக்குடன் காட்டினால் ஆட்டக்காரருக்கு யாராவது எதிரியின் இடத்தைச் சொல்லிவிடலாம் என்பதால், டோட்டா 2 போன்ற ஆட்டங்களில் இரண்டு நிமிடமும் அதற்கு மேலும் தள்ளிப்போடுவது வழக்கம். ஆக கேஸ்டர் 'இதோ' என்று பதறும்போது, அரங்கில் அந்த 'இதோ' முடிந்து, தோற்றவர் காதுக்கருவியைக் கழற்றிவைத்திருப்பார். இதை அறிந்துகொண்டே பதறுவது பொய்யா என்று கேட்கலாம். கூத்தில் அபிமன்யு சாகப்போவது தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்திருக்கும் மக்களிடம் அந்தக் கேள்வி எடுபடாது.

நேரமும் ஒத்துழைக்காது. ரியாத் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால், சமாளிக்கலாம். பிரேசிலின் சாவோ பாவ்லோ எட்டரை மணி பின்னால்: அங்கே மாலை ஆறு, கேத்தியில் அதிகாலை இரண்டரை. பெயர்கள் இன்னொரு மலை. மங்கோலியப் பெயரையும் சீனப் பெயரையும் ஆட்டக்காரரே உச்சரித்த பதிவைக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொள்வோர் உண்டு. தமிழ் எழுத்து க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஒலிகளை வைத்திருப்பதால், அந்தக் குறிப்பை எழுதியவரே மறுநாள் தப்பாக வாசிப்பதும் உண்டு.

எல்லாவற்றிலும் மோசமானது ஆட்டம் நின்றுபோவது. 2020 ஆகஸ்ட் 30 அன்று இணையவழிச் சதுரங்க ஒலிம்பியாட்டின் இறுதியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. நடுவே இந்தியாவின் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் இணைய இணைப்பு அறுந்தது. முறையீட்டுக்குப் பின் இரு நாடுகளும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டன. முடிவு வரும்வரை வர்ணனையாளர்களுக்கு முன்னால் அசையாத பலகை மட்டும் இருந்திருக்கும். மின்விளையாட்டில் இப்படிப்பட்ட நிறுத்தம் அன்றாடம். அப்போது பேசுவதற்கென்று பழைய போட்டிக் கதைகளும் அணி வரலாறும் வேடிக்கைகளும் அடங்கிய ஒரு மூட்டையை ஒவ்வொரு கேஸ்டரும் சேர்த்து வைத்திருப்பார். தன்னார்வலரின் மூட்டை சம்பளக்காரரின் மூட்டையைவிடப் பெரிதாக இருப்பதைப் பலமுறை கேட்கலாம். அவர் சேர்த்தது வேலைக்காக அல்ல, பைத்தியத்தால்.

அந்தப் பைத்தியத்துக்கு யார் விலை கொடுப்பது என்பது தனிக் கேள்வி. நடத்துபவரும் ஆடுபவரும் பேசுபவரும் ஒருசேரக் கைக்காசு போட்டு நடத்தும் போட்டியில் கேஸ்டர் சம்பளம் கேட்டால் அது விசித்திரம். கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பவர் கணக்குதான் அங்கே. பரிசுத்தொகை கோடியில், விளம்பரதாரர் பெயர் திரை முழுவதும், ஆனால் பிராந்திய மொழிக் குரல்களுக்கு மட்டும் 'அனுபவம் கிடைக்கும்' என்ற பதில் என்றால் அதைத் தன்னார்வம் என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதி. தமிழில் பணம் வரும் மேடைகள் இல்லாமல் இல்லை. சென்னையில் தொடங்கிய ஸ்கைஈஸ்போர்ட்ஸ் தன் போட்டிகளைத் தமிழ், தெலுங்கு, மலையாளம், வங்காளம் எனப் பல மொழிகளில் நேரலையாகத் தந்திருக்கிறது. ஆனால் அத்தகைய இருக்கைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் உட்காரப் பழகும் இடம் கூலியில்லாத சிறு போட்டிகள்தான்.

காசைவிட நுட்பமானது உரிமை. கிரிக்கெட் யாருக்கும் சொந்தமில்லை, போட்டியின் ஒளிபரப்புதான் சொந்தம். மின்விளையாட்டில் மட்டையும் பந்தும் மைதானமும் வானமும் ஒரு நிறுவனத்தின் உடைமை. டோட்டா 2 ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2017 அக்டோபரில், ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கும் படத்தை வைத்து யாரும் தம் நேயர்களுக்காக வர்ணனை செய்யலாம், அதை வணிகமாக்கவோ அதிகாரபூர்வ நேரலைக்குப் போட்டியாக்கவோ கூடாது என்று கூறியது. மூன்றே மாதத்தில் மலேசியாவின் கெந்திங்கில் நடந்த போட்டியில் அதற்குச் சோதனை வந்தது. அதிகாரபூர்வ ஒளிபரப்பு ஃபேஸ்புக்குக்கு விற்கப்பட்டிருந்தது. ட்விச் தளத்தில் அதே ஆட்டத்தைத் தம் குரலோடு காட்டியவர்களின் நேரலைகள் முறையீட்டின் பேரில் முடக்கப்பட்டன. 'வணிகம்' எங்கே தொடங்குகிறது என்று அப்போது எழுந்த சச்சரவு இன்னும் முழுதாக ஓயவில்லை. பட்டா இல்லாத நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் புரியும் நிலை இது.

இந்தியக் கேஸ்டர்கள் அதை இன்னும் நேரடியாக அறிந்தவர்கள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் ஆட்டமும் தடையில் போனது. அதே ஆண்டு ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் செயலிக் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் அந்த நிலப்பரப்பின் வீடு, பாறை, பாலம் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்களின் அறிவு ஓரிரவில் செல்லாக்காசானது, பிறகு மறுபடி செல்லுபடியானது. 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டைப் பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் ஒரு பிரிவாக அங்கீகரித்தது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியே பிரித்து நிறுத்தியது. ஆட்டக்காரருக்கும் நடத்துபவருக்கும் இவற்றில் இடம் உண்டு. வர்ணனையாளர் என்றொருவர் இருப்பதை இவை கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாளின் கடைசி ஆட்டம் முடிந்ததும் மதிப்பெண் பட்டியல் திரைக்கு வரும். பதினாறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் இட மதிப்பெண், வீழ்த்திய மதிப்பெண், கூட்டுத்தொகை. முதல் மூன்று பெயர்களுக்குப் பின் நேயர்கள் கலையத் தொடங்குவார்கள். தொழில்முறை நேரலைகள் பெரும்பாலும் அங்கேயே விளம்பரத்துக்குப் போய்விடும். தன்னார்வ நேரலையில் பதினாறாவது அணி வரை வாசிக்கப்படுகிறது, ஏனென்றால் மிச்சமிருக்கும் நாற்பது ஐம்பது பேரில் யாராவது ஒருவர் அந்தப் பதினாறாவது அணிக்காக விழித்திருக்கக்கூடும். பிறகு நடத்துபவர்கள் படத்தை நிறுத்துவார்கள். மைக் அணையும். கம்பளி சுவரிலிருந்து இறங்கும்.